ஏரிக்குள் முடியும் பாதை

மருத மரங்கள் நிழல் விரிக்கும் செம்மருத நாட்டில் மழை தவறாதிருக்க. அந்நாட்டுக் கோட்டைக்கும் கொத்தளத்துக்கும், யானைக்கும் யானை தின்னும் கரும்புக்கும், உழுவோர்க்கும் உழைப்பை மேற்பார்த்து இளைப்போர்க்கும் நலம் பெருகுக. மருதவாயில் என்னும் பெருநகரில் வெண்குடை நிழலில் வீற்றிருந்து, பகைவர் அஞ்சும் தோளும் உறவினர் அஞ்சும் புருவமும் ஒருங்கே உடையவராய், சொன்ன சொல்லை இரண்டாம் முறை சொல்லும் வழக்கமில்லாதவராய் விளங்கும் வல்லியக்கோப் பேரரசர் திருமுன்பு,

மூன்று குன்றுகளுக்கும் ஓர் ஏரிக்கும் உரியவனும், அம்மூன்றில் ஒரு குன்று பாதிக்குமேல் தங்கள் எல்லைக்குள் நிற்பதை அறிந்தும் அறியாதவன் போல் இருப்பவனும், முன்னோர் போரிட்டுப் பெற்ற பட்டங்களைப் போரிடாமலே சூடித் திரிபவனும், தங்கள் தம்பியார் அந்துவனுக்குத் தன் தங்கை கோதைநங்கையை மணம் செய்து கொடுத்த வகையில் தங்களுக்கு உறவாகும் பேறு பெற்றவனுமாகிய கருநீர் நாட்டு மன்னன் நன்னிமாறன், கைகூப்பி வணங்கி விடுக்கும் ஓலை.

தங்கள் திருவோலை வந்து சேர்ந்தது. தம்பியாரின் படகு கவிழ்ந்த நாள் முதலாகத் தாங்கள் எனக்கு ஒரு சொல்லும் அனுப்பாதிருந்தமையால், ஓலையைக் கண்டதும் மகிழ்ந்தேன்; படித்ததும் அம்மகிழ்ச்சி குறைந்தது. தம்பியை விழுங்கிய நீரின் கரையிலேயே நான் கல்முற்றமும் உலாவும் பாதையும் குளிர்காயும் கணப்புக்குழியும் அமைத்துக் களித்திருப்பதாகச் செவியுற்றீர்கள் என்றும், இப்படி ஓர் உறவினன் இருப்பதைக் காட்டிலும் பகைவர் பலர் இருப்பது நன்று என்றும், இனி என் தூதன் எவனும் தங்கள் வாயிலில் நிற்கலாகாது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஆணையை நான் மீறவில்லை. இவ்வோலையைக் கொண்டுவருபவன் தூதன் அல்லன், என் சமையற்காரன். அவனைத் தண்டிக்கத் திருவுளம் கொண்டால், முன்னதாக ஒரு வேளை சமைக்கச் சொல்லிப் பாருங்கள். தண்டிப்பதற்கு மேலும் ஒரு காரணம் கிடைக்கும்.

தாங்கள் செவியுற்றது பொய்யன்று. முற்றம் இருக்கிறது, பாதை இருக்கிறது, கணப்பு எரிகிறது. அவை எதற்காக வந்தன என்பதையும், வந்தபின் அவற்றின் வழியே எவர் வந்தார் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன். என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளைவிட வேடிக்கைப் பேச்சுகள் மிகுதி என்பது தங்களுக்குத் தெரியும். இவ்வோலை எந்த வகையைச் சேர்ந்தது என்று ஐயுற வேண்டா.

தம்பியார் மறைந்தபின் கோதைநங்கை, இருவரும் வந்து தங்கியிருந்த என் ஏரிமாளிகையை விட்டு நகரவில்லை. தலைநகருக்கு அழைத்தேன், வரவில்லை. தங்கள் நாட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன், அதற்கும் இசையவில்லை. ஏரியைப் பார்த்த சாளரங்கள் அனைத்தையும் அடைத்துவிட்டு, கூடத்தில் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். வைத்த சோற்றில் குருவி கொத்தும் அளவே குறைந்தது. சற்று வெளியே வந்து காற்றுப் படும்படி இரு என்று நான் வாயிலில் நின்று மன்றாடியபோது, என் பக்கம் திரும்பாமலே, "வெளிய ஒரே சேறுண்ணா. கால் வைக்க இடமில்ல" என்றாள்.

அறிவுடைய ஒருவன் அதைத் துயரத்தின் சொல் என்று உணர்ந்து, தலை குனிந்து திரும்பியிருப்பான். நான் கொத்தனை வரவழைத்தேன்.

வந்தவன் சாத்தங்காரி. தன்னைப் பெருங்கொத்தன் என்று தானே அழைத்துக்கொள்பவன். எதைக் கேட்டாலும் "பண்ணிரலாம் சாமி" என்பது ஒன்றே அவன் விடை. மாளிகையின் பின்வாயிலிலிருந்து ஏரி வரைக்கும் புல்லும் முள்ளும் சேறுமாய்ச் சரிந்து கிடந்த நிலத்தை அவனுக்குக் காட்டினேன். சரிவில் பாதை அமைப்போர் கீழிருந்து தொடங்கி மேலேறி வருவது எங்கள் நாட்டு வேலைமுறை. கீழ்க்கல் தாங்கினால்தான் மேற்கல் நிற்கும், மேலிருந்து தொடங்கினால் முதல் மழையிலேயே அத்தனையும் சறுக்கி இறங்கும். எங்கிருந்து தொடங்கட்டும் என்று அவன் கேட்டான். அது கடுங்கோடை. ஏரி வற்றிச் சுருங்கி, வெடித்த சேற்றுப் படுகைக்கு அப்பால், எவனோ போட்டுவிட்டு ஓடிய கேடயம் போலக் கிடந்தது. தங்கைக்கு ஒருநாள் நீரில் கால் நனைக்கத் தோன்றும், அன்று அவள் காலில் சேறு படலாகாது என்று எண்ணி, நீர் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கு என்றேன். "பண்ணிரலாம் சாமி" என்றான். மழைக்காலத்தில் ஏரி எவ்விடம் வரை ஏறி நிற்கும் என்று நானும் நினைக்கவில்லை, அவனும் கேட்கவில்லை, எங்களைச் சுற்றி நின்று தலையசைத்த அமைச்சர் குழாமும் வாய் திறக்கவில்லை. நாட்டின் பெயரிலேயே நீரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பிழை செய்ய எங்களால்தான் இயலும்.

வேலை நடந்தது. மண்ணை வெட்டி எடுத்து, சரளை கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மணல் பரப்பி, அதன்மேல் பாவுகற்களைப் பதித்தார்கள். பின்வாயிலை ஒட்டி அகன்ற முற்றம். மழைநீர் சுவர்ப்பக்கம் தங்காமல் வெளியே வடிவதற்கு மெல்லிய வாட்டம். முற்றத்தின் விளிம்பில் கருங்கல் வளையம் கட்டிய கணப்புக்குழி. அதைச் சுற்றி அமர்வதற்குத் தாழ்ந்த கல்லிருக்கைகள். குழிக்கு இடம் குறித்தவன் நான். காற்று எத்திசையில் வீசும் என்று எவரையும் கேளாமல் குறித்தேன். முதன்முதலில் மூட்டியபோது புகை அத்தனையும் அமைச்சர் பக்கம் சென்றது. கண்ணீர் பெருக அவர்கள் அசையாமல் அமர்ந்திருந்த கோலத்தை நாட்டுப்பற்று என்று எண்ணி நானும் சற்று நேரம் நெகிழ்ந்திருந்தேன். பின்னர் அதை மூடிவிட்டு, காற்று ஒதுங்கும் இடத்தில் வேறொன்று தோண்டினார்கள். அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து ஏரிக்கு இறங்கியது. வளைவுகளும் என் யோசனையே. நேரே நடப்பவனுக்கு எங்கோ வேலை இருக்கிறது, வளைந்து நடப்பவன்தான் உலாவுகிறான் என்று அவையில் விளக்கினேன். எவரும் மறுக்கவில்லை. மன்னனாய் இருப்பதில் உள்ள பெருந்தொல்லை அது.

எல்லாம் முடிந்தது. கோதை வெளியே வரவில்லை.

மழை வந்தது. ஏரி தன் பழைய இடத்தை நினைவு கொண்டதுபோல் படுகையை மூடிக்கொண்டு ஏறியது; பாதையின் கீழ்க்கற்கள் ஒவ்வொன்றாய் நீருக்குள் போயின. தூறல் ஓய்ந்திருந்த ஒரு மாலையில், யாருமில்லாத முற்றத்தில் நான் மட்டும் கணப்பின் அருகே அமர்ந்து என் கட்டடக்கலையை நானே வியந்துகொண்டிருந்தபோது, பின்வாயிற் கதவு திறந்தது. என் தங்கை வெளியே வந்தாள். முதற்கல்லில் வெறுங்காலை வைத்து, சற்று நின்று, அடுத்த கல்லில் வைத்து, நடந்து வந்து தீயின் அருகே அமர்ந்தாள். நான் ஒரு சொல்லும் பேசவில்லை; என் ஆட்சியில் அப்படி நிகழ்ந்தது அது ஒரு முறைதான். அன்று அவள் சோறு கேட்டு வாங்கி உண்டாள். குடிமக்கள் அனைவருக்கும் சர்க்கரைப் பொங்கல் வழங்குக என்று ஆணையிட்டேன். தாங்கள் செவியுற்ற களிப்பு அதுதான்.

அதன்பின் மாலைதோறும் வந்தாள். முகத்தில் உயிர் ஏறியது. ஆனால் தன் பக்கத்து இருக்கையில் எவரையும் அமர விடவில்லை. அறியாமல் அமர்ந்த அமைச்சர் ஒருவர் ஆடை நனைந்து எழுந்தார். மழை இல்லாத மாலை அது. மற்ற இருக்கைகள் தீயின் வெம்மையில் காய்ந்து சூடேறியிருந்தன. அந்த ஒன்று மட்டும், ஊறிய ஆடையோடு ஒருவர் நெடுநேரம் அமர்ந்து அப்போதுதான் எழுந்து போனதுபோல் ஈரமாய், குளிர்ந்து, பாசி மணத்துடன் இருந்தது.

அப்போதுதான் பாதையைப் பார்த்தேன். நீரின் விளிம்பிலிருந்து கணப்பு வரை, வளைவுக்கு வளைவு, கற்களின் மேல் ஈரக் காலடிகள் ஏறி வந்திருந்தன. நீர்நாய் என்றார் நனைந்த அமைச்சர். நீர்நாய் என்றே நானும் அவையில் அறிவித்தேன். ஆனால் இடக்காலடியில் சுண்டுவிரல் இல்லை. இளமையில் தங்கள் குதிரை தம்பியாரின் காலை மிதித்த கதையை, மிதிபட்டவர் அழவில்லை, பார்த்துக்கொண்டிருந்த அண்ணனார்தான் அழுதார் என்பதையும் சேர்த்து, அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். தங்களுக்கு இதற்குமேல் நான் சான்று காட்ட வேண்டியதில்லை.

ஓலை எழுதுபவன் எழுத்தாணியை வைத்துவிட்டு வெளியே போனது இவ்விடத்தில்தான். மிச்சத்தை என் கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாய் இருப்பது அச்சத்தால் அன்று. எனக்கு எப்போதும் கோணல்தான்.

காலடிகள் ஏறி வரும்போது ஒரு வரிசை. இறங்கும்போது இரண்டு வரிசை: அவருடையது ஒன்று, அதன் பக்கத்தில் கோதையுடையது ஒன்று. மறுபடி ஏறி வந்தது கோதையின் காலடி மட்டும்.

விருந்தினர் விடைபெறும்போது பாதை முடியும் இடம் வரை உடன் நடந்து வழியனுப்புவது தங்கள் நாட்டுக்கும் என் நாட்டுக்கும் பொதுவான மரபு. நடுவழியில் நின்று திரும்புபவரை வீட்டுக்கு உரியவர் என்று எவரும் மதியார். ஏரிமாளிகைக்குப் பாதை இல்லாத காலத்தில் வாயிற்படியே எல்லையாக இருந்தது. அங்கேயே நின்று கைகூப்பினால் போதும். இப்போது பாதை உண்டு. அது எங்கே முடிகிறது என்று என்னைவிட நன்கு அறிந்தவர் இல்லை.

தங்கையைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "அவருக்குக் குளிருதுண்ணா. கொஞ்ச நேரம் காஞ்சுட்டுப் போறாரு, அவ்ளோதான்" என்றாள். நீருக்குள் நீ ஏன் இறங்குகிறாய் என்றேன். "வந்தவங்கள பாதியில விட்டுட்டா திரும்புவாங்க? பாதை போட்டது நீதான, எனக்கு வந்து மரபு சொல்லித் தர்ற" என்று சொல்லிச் சிரித்தாள். அத்தனை நாளுக்குப் பின் அவள் சிரிப்பதைக் கண்டு எனக்கு உடல் சிலிர்த்தது. அது மகிழ்ச்சியா வேறொன்றா என்று பிரித்தறிய இயலவில்லை. அவள் சேலையின் கரை மட்டும் நனைந்திருந்தது முதல் வாரத்தில். பிறகு முழங்கால். பிறகு இடை. ஏரி நாள்தோறும் ஏறுகிறது. பாதையின் முடிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மழைக்காலம் இன்னும் பாதிகூடக் கழியவில்லை. இதை நான் எந்தப் புலவனையும் கொண்டு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். முதலில் பின்வாயிற் கதவை அடைத்துத் தாழிட்டேன். அன்று காலடிகள் கணப்பைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, கதவு வரை வந்து நின்றன. எவரும் தட்டவில்லை. கதவின் அடியால் நீர் கசிந்து உள்ளே பரவியது. அதன்மேல் கோதை வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள், கதவில் நெற்றியை வைத்தபடி. மறுநாள் அவளுக்குக் கடுஞ்சுரம். தாழை நீக்கினேன்.

அடுத்து, தீ இல்லையேல் வரமாட்டார் என்று எண்ணி, கணப்பை மூட்டலாகாது என்று சொல்லிவைத்தேன். அன்று மாலை சமையற்கட்டில் அடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் உஸ்ஸென்று அணைந்தன. சாம்பல் நனைந்து களிமண்போல் கிடந்தது; கடைசி அடுப்பின் முன்னே, நெருங்கிக் குந்தி அமர்ந்த ஒருவரின் ஈரம் தரையில் வட்டமாய்த் தேங்கியிருந்தது. தங்கள் முன் நிற்கும் சமையற்காரனைக் கேளுங்கள், அவன் பார்த்தவன். மறுநாளே கணப்பை முன்னைவிடப் பெரிதாய் மூட்டச் சொன்னேன். குளிரில் நடுங்கி வருபவருக்குத் தீயை மறுத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் நாணமாய் இருக்கிறது.

பின்னர் சாத்தங்காரியை அழைத்துப் பாதையின் கற்களைப் பெயர்க்கச் சொன்னேன். "பண்ணிரலாம் சாமி" என்றான், பண்ணினான், கற்களைக் கரையில் அடுக்கிவிட்டுப் போனான். விடிந்து பார்த்தால் கற்கள் அனைத்தும் தத்தம் இடத்தில் பதிந்திருந்தன, ஈரம் சொட்டச் சொட்ட, முன்பு இருந்த மேடுபள்ளம் ஒன்றும் இல்லாமல். காரி குந்தி அமர்ந்து இணைப்புகளைத் தடவிப் பார்த்து, "நம்ம வேலையவிடச் சுத்தமா இருக்கு சாமி" என்று வியந்துவிட்டு, கூலியையும் கேட்காமல் ஊருக்குப் போய்விட்டான். அவன் கூலி கேட்காமல் போனதைக் கண்டபின்தான் என் அமைச்சர்கள் இதை நீர்நாய் என்று சொல்வதை நிறுத்தினார்கள்.

எஞ்சியிருந்தது ஒரு வழி. அந்த மாளிகைக்கு உரியவன் நான். விருந்தினரை வழியனுப்பும் கடமை மூத்தவன் இருக்கும்போது இளையவளுக்குச் சேராது. அன்று மாலை கோதையின் அருகே, ஈர இருக்கைக்கு மறுபக்கம், நானே போய் அமர்ந்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தீயின் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து எரிந்தது. இருக்கையிலிருந்து நீர் சொட்டும் ஓசை, பொறுமையாய், ஒரே சீராய்க் கேட்டது.

மன்னர்கள் அச்சம் வரும்போது வாளை நாடுவார்கள். நான் வேடிக்கைக் கதையை நாடுபவன். என் பாட்டனார் ஏரியில் தூண்டிலிட்டு நெடுநாள் காத்திருந்து, மீன் வராத கோபத்தில், முதலில் வரும் உயிருக்குப் படைத்தலைவர் பதவி தருவதாக அறிவித்ததையும், தவளை ஒன்று வந்து நின்றதையும், அன்று முதல் எங்கள் படை பகைவரைக் கண்டால் நீரில் குதித்துவிடுவதையும் சொல்லத் தொடங்கினேன். தம்பியார் இக்கதையை நூறு முறை கேட்டவர். என் நாட்டில் மன்னன் சொன்னான் என்பதற்காகச் சிரிக்காமல் சிரிப்பு வந்ததால் சிரித்த ஒரே மனிதர் அவர். அதுவும் கதை முடியும்வரை பொறுக்காமல், தவளை என்ற சொல் வந்ததுமே சிரித்துவிடுவார். நான் தவளை என்றேன். பக்கத்து இருக்கையில் நீர் கொப்பளித்தது, தொண்டை நிறைய நீரை வைத்துக்கொண்டு ஒருவர் சிரிப்பதுபோல. கோதை அந்தப் பக்கம் திரும்பி, "மெதுவா" என்றாள்.

அதன்பின் எழுந்தேன். இன்று நான் வழியனுப்புகிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். உடன் எழுந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் அமர்ந்துகொண்டாள். பாதையில் இறங்கினேன். வாய் திறந்த கிணறு ஒன்று என் வலப்பக்கம் என்னோடு நடந்து வருவதுபோல் குளிர்ந்தது. வளைவுகள் என்னால் வந்தவை என்பதால் அவற்றை நான் நொந்துகொள்ளவும் வழியில்லை. நேராய் இருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். நீர் கணுக்காலில் ஏறியது, முழங்காலில் ஏறியது, இடுப்பில் ஏறியது. கீழே கற்கள் உறுதியாய் இருந்தன. கடைசிக் கல்லில் நின்று கைகூப்பினேன்.

கூப்பிய கைகளை ஒரு கை பற்றிக்கொண்டது. தாங்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். அது இழுக்கவில்லை. ஆழத்துக்கு அழைக்கவில்லை. விடைபெற்ற பின்னும் வாயிலில் நின்று கையை விடாமல் பேசிக்கொண்டிருப்பவர் பற்றுவதுபோல் பற்றியிருந்தது. எனக்கு மூச்சு முட்டும்வரை அச்சமாய் இருந்தது; அதன் நடுவே இரக்கமும் வந்தது, எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அவர் எவரையும் கொண்டுபோக வரவில்லை. போகும் இடம் தெரியாமல் நிற்கிறார். அத்தனைதான்.

கரையேறி வந்து அதைக் கோதையிடம் சொன்னேன். படகு கவிழ்ந்த நாளிலும் அழாதவள் அப்போது அழுதாள். அழுது முடித்து, சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டிக்கொண்டே, "அவருக்கு வீட்டுக்குப் போகணும்ணா. இது இல்ல, அவங்க வீடு. பெரியவர் வந்து கூப்பிட்டாத்தான் போவாரு. அங்க இருந்தப்பவும் அப்படித்தான், எங்க சுத்துனாலும் அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டா எந்திரிச்சு வந்துருவாரு" என்றாள். அதைச் சொல்ல அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அவர் வராமற்போகும் மாலைகளை அவள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஆகையால், பேரரசே, இனி என் வேண்டுகோள். உடல் கிடைக்கவில்லை என்பதால் தாங்கள் ஈமக்கடன் செய்ய இசையவில்லை என்பதையும், தம்பியாரின் அறையில் நாள்தோறும் விளக்கேற்றச் சொல்கிறீர்கள் என்பதையும் வணிகர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த விளக்கு எரிவது நன்று. அவரை அழைத்துப்போக வாருங்கள். விருந்தினரின் வீட்டார் தேடி வந்துவிட்டால், விருந்தளித்தவர் முற்றத்திலேயே நின்று விடைகொடுக்கலாம் என்பதும் நம் மரபுதான். அப்படி வந்தால் என் தங்கை நீரில் இறங்க வேண்டியதில்லை. தீயின் அருகே நின்றபடி அனுப்பிவைப்பாள். உள்ளே எவரும் அமராத பல்லக்கு ஒன்றைக் கொண்டுவாருங்கள். படகில் வர வேண்டா; அவருக்குப் படகு போதும். குன்றுப் பாதையில் வாருங்கள். மாலையில் கணப்பின் அருகே நின்று, ஏரியைப் பார்த்து, வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிக் கூப்பிடுங்கள். பட்டமும் அடைமொழியும் வேண்டா. பல்லக்கினுள் கம்பளி ஒன்று மடித்து வையுங்கள்.

என்மேல் தங்களுக்குள்ள சினத்தை விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதையும் கொண்டுவாருங்கள்; முற்றம் அகலமாகத்தான் கட்டியிருக்கிறேன், வைக்க இடம் இருக்கும். ஆனால் விரைந்து வாருங்கள். தங்கையை இறங்க விடாமல் நாள்தோறும் நானே வழியனுப்பச் செல்கிறேன். நேற்று கடைசிக் கல்லில் நின்றபோது நீர் என் தோளைத் தொட்டது. நான் உயர்ந்த மன்னன் என்று புலவர்கள் பாடியிருக்கிறார்கள். நீரில் நிற்கும்போது அப்பாடல்களால் ஒரு பயனும் இல்லை. நான் ஒருநாள் திரும்பாவிடில் மறுநாள் அவள் இறங்குவாள். அவளைத் தடுக்க இந்நாட்டில் வேறு மூத்தவர் எவரும் இல்லை.

தங்கள் வருகைக்காக எல்லைக் காவலர்க்கும் சாவடியார்க்கும் கணவாய்த் தலைவர்க்கும் நாம் விடுத்துள்ள ஆணை இது. தங்கள் பல்லக்குச் சுமப்போரும் அறியும்படி இங்கே எழுதுகிறோம்:

செம்மருத நாட்டிலிருந்து பல்லக்கு ஒன்று வரும். வருகையில் அது வெறுமையாய் இருக்கும். ஏன் என்று வினவலாகாது. திரும்பிச் செல்கையில் அது வெறுமை என்று எவனும் உரைக்கலாகாது. சுமப்போர் தோள் மாற்ற நின்றால் நிழலும் மோரும் அளிக்க. பாரம் எவ்வளவு என்று கேட்கலாகாது. திரைச்சீலையை விலக்கலாகாது. அடியில் நீர் சொட்டினால் துடைக்கலாகாது, வெயில் பார்த்துக்கொள்ளும். கொத்தன் சாத்தங்காரியைத் தேடிப் பிடித்து, பல்லக்கு எல்லை கடந்த மறுநாள், பாதையின் கற்களை ஏரியிலிருந்து கணப்பு வரைக்கும் பெயர்த்து எடுக்கச் செய்க. இனி அப்பாதை தீயோடு முடிவதாக. பல்லக்கு கடந்துபோகும் இடமெங்கும் வழியனுப்புவோர், பழக்கத்தால் தவறியும், போய் வாரும் என்று சொல்லலாகாது. நலமாய் வீடு சேரும் என்று மட்டும் சொல்க. இதை மீறுவோர் நம் சினத்துக்கு ஆளாவர். நம் சினத்தை இதுவரை எவரும் கண்டதில்லை, நாமும் கண்டதில்லை, ஆயினும் ஆளாவர்.

வழியனுப்பும் அச்சொல்லை என் தங்கை கணப்பின் அருகே அமர்ந்து சொல்லிச் சொல்லிப் பழகுகிறாள். நலமாய் என்பது வரை வந்துவிடுகிறது. மிச்சமும் தாங்கள் வந்து சேர்வதற்குள் வந்துவிடும்.

கார்காலத்து மழை இடைவிட்ட மாலையில், ஏரிமாளிகை முற்றத்தில், தீயின் ஒளியில் எழுதி, நாரை பொறித்த நம் இலச்சினையை இட்டோம். அரக்கு இன்னும் காயவில்லை. பாதையில் காலடி ஓசை கேட்கிறது. இதைக் கொண்டுபோகிறவன் எங்கும் நில்லாமல் செல்க. இது கருநீர் நாட்டு மன்னன் ஆணை.